செல்ஃப் எடுக்காத காரும் பழி சுமக்கும் பேட்டரியும்

கார் பேட்டரியை எப்போது மாற்ற வேண்டும், எப்போது மாற்றத் தேவையில்லை என்று கேட்டு வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பேட்டரி மாற்றி நான்கு வருடம் ஆகிறது. கார் ஒழுங்காகவே ஸ்டார்ட் ஆகிறது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில், "வயசாயிடுச்சு, மாத்திடுங்க" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வயதைப் பார்த்து மட்டும் மாற்ற வேண்டியதில்லை. அதற்காக அளந்து பார்க்காமல் ஓட்டவும் கூடாது. கார்களில் இருக்கும் ஈய-அமில பேட்டரி சாதாரணமாக 3 முதல் 5 ஆண்டு உழைக்கும். நான்காவது வருடத்தில் அது எந்தப் பக்கமும் சாயலாம். பழைய கார்களில், சாகப்போகிற பேட்டரி சில வாரம் இழுத்து இழுத்து முனகும்; அதுவே முன்னறிவிப்பு. இன்றைய இன்ஜின்கள் இரண்டு சுற்றிலேயே பற்றிக்கொள்வதால் அந்த முனகல் நம் காதில் விழுவதில்லை. நேற்றுவரை சட்டென்று ஸ்டார்ட் ஆன கார் இன்று காலையில் ஒரேயடியாகப் படுத்துவிடும். ஆகவே "நன்றாக ஸ்டார்ட் ஆகிறதே" என்ற சமாதானம் செல்லாது.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். மூன்று எண்களை எடுக்க வேண்டும்.

முதலாவது, ஓய்வில் இருக்கும்போது வோல்டேஜ். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் அளக்க வேண்டும். பானெட்டைத் திறக்கக் கதவைத் திறந்தாலே உள்ளிருக்கும் விளக்குகளும் கம்ப்யூட்டர்களும் விழித்துக்கொள்ளும். கதவை மூடிவிட்டு அவை அடங்கக் கொஞ்ச நேரம் கொடுங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். காரை ஓட்டி நிறுத்திய கையோடு அளந்தால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் 13 வோல்ட் வரை காட்டி ஏமாற்றும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து அளங்கள்.

இந்த எண் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். தெம்பு இருக்கிறதா என்று சொல்லாது. அதற்குத்தான் இரண்டாவது எண்: செல்ஃப் அடிக்கும் நேரத்து வோல்டேஜ். மீட்டரின் முனைகளை பேட்டரியின் ஈய முனையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கம் அரை நொடிதான் இருக்கும். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். மிதமான வெப்பநிலையில் 9.6-க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். ஆனால் இந்தச் சோதனைக்கு முன்பு முதல் எண் 12.5-ஆவது இருக்க வேண்டும். அரை வயிற்றுக்காரனை ஓடவிட்டு, ஓடவில்லை என்று குறை சொல்லக் கூடாது அல்லவா?

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் வோல்டேஜ். ஹெட்லைட், ஏ.சி. இரண்டையும் போட்டு, ஆக்ஸிலேட்டரைச் சற்று மிதித்து 1500 முதல் 2000 சுற்றில் வைத்து அளந்தால் 13.8-க்கும் 14.7-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை, அதாவது பலர் இன்னும் டைனமோ என்றே சொல்வதை, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக இது 12.5 வரைகூட இறங்கி ஏறும். அதைப் பழுது என்று நினைத்து ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம்.

இனி தீர்ப்பு. முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகும் செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே விழுகிறதா, மாற்றுங்கள். முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்தும் ஓரிரவில் 12.3, 12.2 என்று இறங்குகிறதா, சார்ஜ் உள்ளேயே கசிகிறது, மாற்றுங்கள். சார்ஜ் ஏற்றியும் 10.5 வோல்ட்டிலேயே நிற்கிறதா, பேசிப் பயனில்லை. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் வீதம் ஆறு செல். அதில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது. இவை எதுவும் இல்லையென்றால் நான்கு வயது பேட்டரி இன்னும் ஓடட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வைத்தாலே அதன் போக்கு தெரிந்துவிடும்.

கையடக்க பேட்டரி டெஸ்டர் வைத்திருப்பவர்கள் ஒரு சீட்டு அச்சடித்துத் தருவார்கள். அதில் சி.சி.ஏ. அளவு இருக்கும். குளிரில், அதாவது மைனஸ் 18 டிகிரி செல்சியஸில், 30 நொடிக்கு எத்தனை ஆம்பியர் தள்ள முடியும் என்ற கணக்கு அது. பேட்டரியின் மேல் அச்சிட்ட அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே வந்துவிட்டால் புதியதற்குத் தயாராகலாம். சீட்டை வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். சார்ஜ் குறைவாக இருந்தபோது எடுத்த சோதனை செல்லாது. இரண்டாவது, சி.சி.ஏ.-வை அளக்க எஸ்.ஏ.இ., ஈ.என்., டி.ஐ.என். என்று வெவ்வேறு தர அளவுகள் உண்டு. ஒரே பேட்டரிக்கு டி.ஐ.என். கணக்கில் எண் சிறியதாகவும், எஸ்.ஏ.இ. கணக்கில் பெரியதாகவும் வரும். பேட்டரியில் இருப்பது ஒன்று, டெஸ்டரில் தேர்ந்தெடுத்தது மற்றொன்று என்றால் நல்ல பேட்டரிக்கும் "மாற்றவும்" என்று அச்சாகி வரும்.

கேள்வி: என்னிடம் மீட்டர் இல்லை. கண்ணாலும் காதாலும் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: ஓரளவுக்கு உண்டு. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் லேசாக மங்கி, இன்ஜின் சுற்றினால் சரி. "டிக் டிக் டிக்" என்று வேகமாகச் சத்தம் வந்து விளக்கு அணைந்தே போனால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு "டக்" கேட்டு, விளக்கு அப்படியே பளிச்சென்று எரிந்தால் பேட்டரியை விட்டுவிடுங்கள்; ஸ்டார்ட்டர் மோட்டார், அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டு, மோட்டாருக்குப் போகும் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சத்தமே இல்லாமல் விளக்கும் நன்றாக எரிந்தால் கியர் நியூட்ரலிலோ பார்க்கிலோ இருக்கிறதா, கிளட்ச் அல்லது பிரேக் மிதிபடுகிறதா, சாவியை கார் அடையாளம் காண்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்ததற்குக் கார் பேட்டரியை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர் உப்பியிருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ சோதனையே தேவையில்லை. சார்ஜ் போடாமல், ஜம்ப் ஸ்டார்ட்டும் (வேறொரு பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்வது) செய்யாமல் மாற்றுங்கள். கூடவே சார்ஜிங் வோல்டேஜையும் அளக்கச் சொல்லுங்கள். 15-க்கு மேல் போகிறதென்றால் சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. அதைச் சரிசெய்யாவிட்டால் புது பேட்டரியும் இதேபோல் உப்பும்.

கேள்வி: தினமும் காலையில் ஜம்ப் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது. அதன்பின் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. பேட்டரியை மாற்றியும் பார்த்தாயிற்று, பத்து நாளில் பழையபடி ஆகிவிட்டது.

பதில்: இரவில் ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பேட்டரி பழியைச் சுமந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிறுத்தி வைத்த காரிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர்களின் நினைவகம் ஆகியவற்றுக்காக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை ஓடுவது இயல்பு. 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) போகும், 45 ஏ.ஹெச். பேட்டரி பாதியாகப் பத்தொன்பது நாள் ஆகும். டிக்கியில் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர், நாளைக்கு 10 ஏ.ஹெச். இரண்டே நாளில் பேட்டரி பாதி காலி. ஒரு சின்ன பல்புக்கே இந்தக் கதி.

கண்டுபிடிக்கும் முறை இது. பானெட்டைத் திறந்து, அதன் பூட்டையும் ஓட்டுநர் கதவின் பூட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, மூடியிருப்பதாகக் கார் நினைக்கும்படி செய்யுங்கள். சாவியைக் காரைவிட்டு நாலைந்து மீட்டராவது தள்ளி வையுங்கள். நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். மீட்டரில் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது இக்னிஷனைப் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. மீட்டரின் பியூஸ் அந்தக் கணமே போய்விடும். தொடக்கத்தில் சில ஆம்பியர் காட்டினால் பதற வேண்டாம். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க 20 முதல் 40 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகும் 50 மில்லி ஆம்பியரைவிட வெகு அதிகமாக இருந்தால், பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது அளவு சட்டென்று விழுகிறதோ, அந்தப் பாதையில் இருக்கிறது திருடன்.

பியூஸை உருவிச் செருகினால் தூங்கும் கம்ப்யூட்டர் மறுபடி விழித்துக்கொள்ளும் என்பதுதான் இதில் தொல்லை. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் பியூஸை உருவ மாட்டார்கள். பியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லி வோல்ட்டை அளப்பார்கள். கரண்ட் ஓடாத பியூஸில் பூஜ்யம் வரும். ஏதாவது எண் காட்டினால் அதில் கரண்ட் ஓடுகிறது என்று பொருள்.

பெரும்பாலும் அகப்படுபவை: டாஷ்போர்டு பெட்டி விளக்கு, டிக்கி விளக்கு, பின்னால் பொருத்திய மியூசிக் சிஸ்டம், டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். கருவி, அணையாமல் ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). எல்லா பியூஸையும் பார்த்தும் அளவு குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள், அதற்குமுன் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு. கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு உள்ளே கெட்டால் சார்ஜும் குறையும், இரவில் கரண்டும் பின்னோக்கி வடியும்.

ஜம்ப் ஸ்டார்ட் செய்துவிட்டு அரை மணி ஓட்டினால் பேட்டரி நிரம்பிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். காலியான 45 ஏ.ஹெச். பேட்டரியை 4, 5 ஆம்பியர் சார்ஜரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போட வேண்டும். பாதி நிரம்பிய நிலையிலேயே நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. உங்கள் புது பேட்டரியை இப்போதே வெளியில் எடுத்து முழுசாக சார்ஜ் போடுங்கள்.

கேள்வி: இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றினால், கார் நின்றுவிட்டால் டைனமோ கெட்டது, ஓடினால் பேட்டரி கெட்டது என்கிறார்களே?

பதில்: கம்ப்யூட்டர் இல்லாத காலத்து வித்தை. ஆல்டர்னேட்டர் தள்ளும் கரண்டைத் தாங்கிக்கொள்ளும் மெத்தை பேட்டரிதான். அதைத் திடீரென்று உருவினால் வோல்டேஜ் பல மடங்கு துள்ளி, இன்ஜின் கம்ப்யூட்டரையும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் சேர்த்துக் கொல்லும். ஒருபோதும் செய்யாதீர்கள், யாரையும் செய்ய விடாதீர்கள்.

கேள்வி: பேட்டரி மேலுள்ள "கண்" பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை.

பதில்: அந்தக் கண் ஆறு செல்களில் ஒன்றை மட்டும் பார்க்கிறது. அந்த ஒரு செல்லின் அமிலம் போதிய அடர்த்தியில் இருந்தால் பச்சைப் பந்து மிதந்து தெரியும். மற்ற ஐந்தின் நிலையும் தகடுகளின் நிலையும் அதற்குத் தெரியாது. கறுப்பாக இருந்தால் சார்ஜ் குறைவு என்று நம்பலாம். நிறமின்றி அல்லது வெளிர் மஞ்சளாக இருந்தால் உள்ளே திரவம் இறங்கிவிட்டது; மூடி திறக்க முடியாத வகை என்றால் மாற்றுவதுதான் வழி.

மூடி திறக்கும் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒரு வரம். ஆறு செல்லிலும் தனித்தனியாக அளக்கலாம். முழு சார்ஜில் 1.265 அளவில் இருக்க வேண்டும், 1.190 என்றால் பாதி. ஐந்து செல் 1.260 காட்டி ஒன்று மட்டும் 1.200 காட்டினால் அந்தச் செல் போய்க்கொண்டிருக்கிறது. செல்லுக்குச் செல் 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால், மற்ற ஐந்தும் நன்றாக இருந்தாலும் பேட்டரி ஒன்றுதான், மாற்ற வேண்டும்.

கேள்வி: பேட்டரி தண்ணீர் குறைந்தால் ஆசிட் ஊற்றலாமா?

பதில்: கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். அமிலம் உள்ளேயே இருக்கிறது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், தகடுகளுக்கு மேல் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை. தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, சார்ஜ் போட்ட பிறகு மீதியை நிரப்புங்கள். முதலிலேயே விளிம்புவரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து டெர்மினலை அரிக்கும்.

கேள்வி: டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக்கொண்டே இருக்கிறது. பேட்டரி கெட்டதற்கு அடையாளமா?

பதில்: பூப்பதால் மட்டும் கெட்டது என்று ஆகாது. ஆனால் அந்தப் பூப்பு நல்ல பேட்டரியையும் கெட்டதாகக் காட்டும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்து அடங்கியதும் தண்ணீரால் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். மூடி உள்ள பேட்டரியில் சோடாத் தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு வயர் நுனியில் இருக்கும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈய முனையையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, முதலில் முடுக்கி, அதன்பின் வாஸ்லின் தடவுங்கள். தடவிவிட்டு முடுக்குவது தலைகீழ் வேலை.

கிளாம்பைக் கையால் திருகினால் அசையக் கூடாது. வெளியே சுத்தமாக இருந்தும் சந்தேகம் என்றால், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே அளங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வெகுவாக ஏறினால் எர்த் வயரோ அதன் போல்ட்டோ அரித்திருக்கிறது. எர்த் வயரை மாற்ற வேண்டிய இடத்தில் பேட்டரியை மாற்றுவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு.

கேள்வி: இரண்டு வருடம்கூட நிற்பதில்லை. ஏன்?

பதில்: முதல் எதிரி வெப்பம். குளிரில்தான் பேட்டரி படுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் அதன் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கிறது, கொல்வது சூடு. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. சூட்டில் தண்ணீர் வற்றும், பாசிட்டிவ் தகட்டின் சட்டம் அரித்து உதிரும். பேட்டரியைச் சுற்றி கம்பெனி கொடுத்த துணி உறையோ பிளாஸ்டிக் பெட்டியோ இருந்தால், புதிது மாற்றும்போது அதைத் தூக்கிப் போடாமல் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது சின்னச் சின்ன ஓட்டம். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் செலவழித்தது திரும்புவதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், அல்லது மாதம் ஒருமுறை சார்ஜர் போடுங்கள். மூன்றாவது, யாரும் பார்க்காத ஒன்று: பேட்டரியை அடியில் பிடிக்கும் கிளாம்ப். அது இல்லாமலோ தளர்ந்தோ பேட்டரி ஆடினால் அதிர்விலேயே தகடு உதிர்ந்து அடியில் சேரும்.

கேள்வி: மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெரிய ஏ.ஹெச். போடலாமா? என் காரில் சிக்னலில் இன்ஜின் தானாக நிற்கும் வசதி இருக்கிறது.

பதில்: தட்டில் சரியாக உட்கார்ந்து, கிளாம்ப் பிடித்து, பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகள் பழைய பக்கத்திலேயே இருந்தால் கொஞ்சம் பெரியது போடுவதில் தவறில்லை. ஆல்டர்னேட்டரால் சார்ஜ் செய்ய முடியாது என்ற பயம் வேண்டாம். நிரம்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். உயரத்தைக் கவனியுங்கள். பாசிட்டிவ் முனை பானெட்டில் இடித்தால் தீதான்.

உங்கள் விஷயம் வேறு. இன்ஜின் தானாக நின்று எழும் கார்களில் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும்படி செய்த ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை பேட்டரி இருக்கும். கழற்றுவதில் எது இருந்ததோ அதுவே போட வேண்டும். ஈ.எஃப்.பி.-க்குப் பதில் ஏ.ஜி.எம். போடலாம். ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் சாதாரண பேட்டரி போட்டால் சில மாதங்களில் தளர்ந்துவிடும். பல கார்களில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்காவிட்டால், பழைய கிழவனுக்கு ஏற்றியதுபோலவே புதிதுக்கும் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். மாற்றுபவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நானே மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: சாதாரண காரில் முடியும். பெரும்பாலும் 10 எம்.எம். ஸ்பேனர் ஒன்றும், அடிக் கிளாம்புக்கு நீண்ட சாக்கெட்டும் போதும். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். இக்னிஷனை அணைத்து சில நிமிடம் பொறுத்து, டிக்கி மின்பூட்டாக இருந்தால் திறந்தே வைத்துவிட்டு, நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். காரணம் எளிது: நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட், நெகட்டிவைக் கழற்றிவிட்டால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருந்தால் அதில் வாயு வெளியேற ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதை மறக்காமல் புதிதில் செருகுங்கள். நெகட்டிவ் கிளாம்பில் சென்சார் இருந்தால் அதை நெம்பவோ தட்டவோ கூடாது.

வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் கிடந்தது வேண்டாம். காரில் ஏற்றுமுன் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 12.5-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுத் தரட்டும்.

மாட்டிய பிறகு கண்ணாடி ஜன்னல் ஒரே அழுத்தலில் ஏறவில்லை என்றால், முழுக்க ஏற்றி பட்டனைச் சில நொடி பிடித்திருங்கள். ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, சிறிது தூரம் ஓட்டினால் பல கார்களில் அணைந்துவிடும். ஐடில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஒரு நாள் கொஞ்சம் தடுமாறலாம். சில ரேடியோக்கள் ரகசிய எண் கேட்கும். அந்த எண்ணைக் கழற்றுவதற்கு முன்பே தேடி எடுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஹைபிரிட் காரிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டா?

பதில்: உண்டு, முழு மின்சார கார்களிலும் உண்டு. கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், பெரிய பேட்டரியின் தொடர்பு சுவிட்சை மூடுவதும் அதன் வேலை. பெரிய பேட்டரி நிரம்பி வழிந்தாலும் சின்னது காலியானால் கார் அசையாது. பல ஹைபிரிட்களில் செல்ஃப் அடிக்கும் வேலை இதற்கு இல்லாததால் இழுத்து முனகும் அறிகுறியும் வராது. மேலே சொன்ன செல்ஃப் சோதனையும் இங்கே பொருந்தாது. ஓய்வு வோல்டேஜையும் டெஸ்டர் சீட்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு சர்வீஸிலும் கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் மட்டும் கையைக் கொண்டு போகாதீர்கள், அவை உயர் வோல்டேஜ்.